நூத்தி முப்பத்தேழு

சன்னலைச் சாத்திக்கலாமுங்களா? சாரல் உள்ள அடிக்குது, உங்க மூட்டை நனையுது பாருங்க. வெதையா? அட, அப்ப மேல வெக்காதீங்க, நடுவுல வெச்சுக்கலாம். எனக்கொண்ணும் தொந்தரவில்லீங்க, காலை மடக்கி உக்காந்துக்கறேன்.

நான் கடைசி ஸ்டாப் வரைக்கும் போறனுங்க. கலெக்டர் ஆபீசுக்கு. ஒரு விசாரணை, மூணு மணிக்கு வரச்சொல்லியிருக்காங்க.

இல்லீங்க, நீங்க நெனைக்கற மாதிரி ஒண்ணுமில்ல. நான் ஆரையும் அடிக்கல, திருடல. கம்ப்யூட்டர் சமாச்சாரம். ஐப்பசியில மஞ்சியாத்துல தண்ணி வந்து ரெண்டு பேரு போயிட்டாங்கன்னு பேப்பர்ல வந்துச்சே, அதுக்குத்தான். அந்த ஆத்துக்குச் சங்கு ஊதறது எங்க கம்பெனிங்க. எம்பேரு நஞ்சப்பன். சர்வர் பூராவும் என் பொறுப்பு. இருவத்திரண்டு வருசமா இதே வேலைதான். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என்னைப் பத்தி ஒரு புகாரு வந்ததில்லீங்க. இப்ப ஒரு புள்ள எழுதுன ஒரு கடுதாசியால இந்த வயசுல பஸ் ஏறிப் போயிட்டிருக்கேன்.

அதைத்தான் சொல்ல வந்தேன். அங்க போயி எப்படிச் சொல்றதுன்னு எனக்கே ஒரு தெளிவு வேணுமுங்க. நீங்க கேக்கறீங்களா? தூக்கம் வந்தாச் சொல்லிருங்க, நிறுத்திக்கறேன்.

அணையில மதகு தெறந்தா ஆத்துக்குக் கீழ ஏழு ஊர்ல சங்கு ஊதோணும். மில்லுல ஷிஃப்டுக்கு ஊதுமே, அந்தச் சங்குதான். முன்னயெல்லாம் ஒரு ஆளு வண்டியில மைக்கைக் கட்டிக்கிட்டு ஊரூராச் சொல்லிக்கிட்டுப் போவாரு. இப்ப அணையிலயும் ஆத்துலயும் கருவி வெச்சிருக்கு. தண்ணி எவ்வளவு, மதகு எத்தனை அடி தெறந்திருக்கு, எல்லாம் கோயமுத்தூர்ல இருக்கற எங்க சர்வருக்கு வந்துரும். அது பாத்து முடிவு பண்ணி அதுவே ஊதும். மனுசன் கையே வேண்டாம். வெயில் காலத்துல நிமிசத்துக்கு ஒருக்கா கணக்கு வரும். மழைன்னா பத்து நொடிக்கு ஒருக்கா வரும். இதை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

இந்த ஆடியில நாங்க புது மெஷின் வாங்குனோம். நாந்தான் அடம்புடிச்சு வாங்க வெச்சேன். பழசுல எட்டுக் கோரு, புதுசுல அறுபத்தி நாலு. கோருன்னா வேலை செய்யற கைன்னு வெச்சுக்கங்களேன். மெமரின்னு ஒண்ணு இருக்குது, அது வேலையைப் பரப்பி வெக்கற மேசை. அறுபத்தி நாலு கை, பந்திப் பாய் அகலத்துக்கு மேசை. வந்த அன்னைக்குத் தேங்காய் ஒடச்சு, சந்தனம் வெச்சு, நானே கையெடுத்துக் கும்பிட்டனுங்க.

அந்த மெஷின்ல சங்கு மட்டும் ஓடறதில்ல. ஒரு ஆஸ்பத்திரியோட டோக்கன், ரெண்டு மில்லோட வருகைப் பதிவு, அப்படி ஒரு பன்னண்டு வேலை ஓடுது. ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கக் கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் ஒரு டப்பாவுக்குள்ள அடைச்சு வெப்போம். கன்டெய்னர்னு சொல்லுவோம். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு அளவு உண்டு. சங்கு டப்பாவுக்கு ரெண்டு கை, ஒரு சின்ன மேசை. அதுக்கு அது போதும், பழைய மெஷின்ல மூணு வருசம் அதுலதான் ஓடுச்சு, ஒரு குத்தம் கெடையாது.

புது மெஷினுக்கு மாத்துன பொறகு, ஆவணி முடிஞ்சு மொத மழை பெஞ்ச அன்னைக்குத்தான் செத்துச்சு.

செத்துச்சுன்னா, நின்னுபோச்சுன்னு அர்த்தம். நாங்க அப்படித்தான் பேசிக்குவோம். ஆனா அது ஒண்ணும் பெரிய விசயமில்லீங்க. செத்தா அதுவாத் திரும்ப எந்திரிச்சுக்கும், அப்படி வெச்சிருக்கேன். ஒண்ணரை நிமிசம், ரெண்டு நிமிசம். ரீஸ்டார்ட்டு. இருவத்திரண்டு வருசத்துல நான் பாக்காத சாவா? தொண்ணூறு சதம் வியாதிக்கு அதுதான் மருந்து.

எங்ககிட்ட ஜெபசெல்வின்னு ஒரு புள்ள வேலை பாத்துச்சு. நாசரேத்துப் பக்கம். ஒல்லியா, கண்ணாடி போட்டு, சத்தமே வராது. நல்ல புள்ள, அதைச் சொல்லோணும். நான் என்ன வேலை குடுத்தாலும் முடியாதுன்னு சொன்னதில்ல. ஆஸ்பத்திரி டோக்கனா, செல்வி. மில்லு பதிவா, செல்வி. சங்கா, செல்வி. நடுவுல ரெண்டு பேரு வேலையை விட்டுப் போனாங்க, அவுங்க பாத்ததையும் அதுகிட்டயே குடுத்தேன். அவ்வளவு நம்பிக்கை வெச்சிருந்தேன் அந்தப் புள்ள மேல.

மொத மழைக்கு மறுநாளு அது என் மேசைகிட்ட வந்து நிக்குது. கையில ஒரு தாளு. தாளு பூராவும் ஒரே நம்பரு, வரிசையா. நூத்தி முப்பத்தேழு, நூத்தி முப்பத்தேழு, நூத்தி முப்பத்தேழு.

"சார், சங்கு நேத்து பத்தொம்பது தடவ செத்துருக்கு சார்."

"எந்திரிச்சுதா இல்லியா?"

"எந்திரிச்சுது சார். எந்திரிச்சு எந்திரிச்சுச் செத்துருக்கு."

அந்த நம்பரு என்னன்னா, ஒரு டப்பா தனக்குக் குடுத்த மேசைக்கு மேல எடம் புடிச்சா, மெஷினு அதை வெட்டிப் போட்டுரும். முன்கூட்டி ஒரு சொல்லு சொல்லாது. நோட்டீசு கெடையாது. வெட்டிட்டு அந்த நம்பரை மட்டும் எழுதி வெச்சுட்டுப் போயிரும். அது சரிதானுங்களே, இல்லாட்டி ஒருத்தன் எடம் புடிச்சுக்கிட்டா மத்த பதினொருத்தன் எங்க போவான்?

அது சொல்லுச்சு, "சார், இந்த சாப்ட்வேரு டப்பாவப் பாக்க மாட்டேங்கு சார். மெஷினத்தான் பாக்கு. எந்திரிச்ச ஒடனே எத்தன கை இருக்குன்னு எண்ணுது. அறுவத்தி நாலுன்னு தெரியுது. அறுவத்தி நாலு பேர வேலைக்கு எறக்கிருது. நாம குடுத்தது ரெண்டு கை. வெயிலடிச்சா அந்த அறுவத்தி நாலு பேரும் சும்மா நிக்காவ, அதனால எடம் பத்துது. மழை பெஞ்சா எல்லாரும் ஒரே நேரத்துல மேசையில கடைய விரிக்காவ. அப்பம் செத்துருது."

"பழைய மெஷின்ல சாகலையே?"

"அதுல எட்டுதான சார். கஷ்டப்பட்டு உள்ள அடங்கிருச்சு."

நான் சிரிச்சுட்டனுங்க. பெரிய மெஷினு வாங்குனதாலதான் சாகுதுன்னு ஒரு புள்ள வந்து எங்கிட்டயே சொன்னா, சிரிக்காம என்ன பண்றது? சரி, எடம்தானே பத்தல, இந்தான்னு அளவை நாலு கையா ஆக்கிவிட்டேன், மேசையையும் ரெண்டு மடங்காக்குனேன். "நாலு குடுத்தாலும் அறுவத்தி நாலுதான் சார் எண்ணும்"ங்குது. அது என்ன பண்ணோணும்ங்குதுன்னா, எந்திரிக்கறப்பவே டப்பாவோட அளவைப் படிச்சுப் பாரு, அதுக்குத் தக்கன ஆளை எறக்கு, மேசையில முக்காப்பங்குக்கு மேல பரப்பாதேன்னு சாப்ட்வேருக்குள்ள எழுதோணுமாம். பத்துப் பன்னண்டு வரிதான். பொறகு மழைக்கணக்கை ஓடவிட்டுச் சோதிச்சுப் பாக்கோணும். ஒரு வாரம் குடுங்க சார்னு கேட்டுச்சு.

எங்கிருந்துங்க குடுக்கறது ஒரு வாரம்? மில்லுக்காரன் கழுத்துல கத்தி வெச்சிட்டிருக்கான். இதுல ஓடறதை நிறுத்திக் கை வெச்சு வேற ஏதாச்சும் ஆச்சுன்னா? சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அதையே சொன்னேன் அந்தப் புள்ளகிட்ட, தமாசா. அது சிரிக்கல.

அன்னைக்குச் சாயங்காலம் அது எனக்கு ஒரு மெயில் எழுதுச்சு. பொரட்டாசி மாசம் அது. எம்.டி.க்கும் ஒரு பிரதி. நேர்ல பேசியாச்சு, முடிஞ்சுபோச்சு, பொறகு எதுக்குங்க எழுத்துல? கடைசி வரி எனக்கு மனப்பாடம். "கனமழையில், அதாவது சங்கு தேவைப்படும் நேரத்தில்தான், இது நிற்கும்." இப்ப அந்த மெயில்தான் கலெக்டர் ஆபீசுல மொதப் பக்கமா இருக்குது.

நான் சும்மா இருந்தேன்னு மட்டும் நெனைச்சுக்காதீங்க. நானும் ஒரு ஏற்பாடு பண்ணுனேன். சங்கு செத்தா என் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். நாள் பூராவும் மழைன்னா நானூறு மெசேஜு. மனுசன் சோறு திங்க வேண்டாமா? அப்பறம் நெசமாவே ஒரு ஆபத்து மெசேஜ் வந்தா இந்தக் கூட்டத்துல கண்ணுல படுமா? அதனால அந்த ஒண்ணை மட்டும் சத்தம் போடாம நிறுத்தி வெச்சேன். அதுதான் எந்திரிச்சுக்குதே.

அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு தெரியுமுங்களா? ரெண்டு ஞாயித்துக்கெழமை லீவுல, தானாப் பஸ் ஏறி, மஞ்சியாத்துக்குக் கீழ ஏழு ஊருக்கும் போயிட்டு வந்திருக்குது. சங்கு கேக்குதா, எதுவரைக்கும் கேக்குதுன்னு பாக்கப் போனேன்ங்குது. போயி, டீக்கடை, ரேசன் கடை, பள்ளிக்கூடத்து டீச்சரு, ஆத்துல மாடு கழுவறவங்க, மீன் புடிக்கறவங்க, ஆரு ஆத்துப் பக்கம் பொழங்குவாங்களோ அவங்க நம்பரெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டுல எழுதிட்டு வந்திருக்குது. ஆரு சொல்லி? ஒருத்தரும் சொல்லல. எங்க வேலை சர்வருங்க. ஊருக்குள்ள போயி நம்பரு வாங்கறது நம்ம வேலையே இல்ல. எனக்குத் தெரிஞ்சிருந்தா வேண்டாம்னிருப்பேன்.

அந்த நாளு. ஐப்பசி, வியாழக்கெழமை. காலையில இருந்தே மானம் இருண்டு கெடந்துச்சு. கோயமுத்தூர்ல தூறல்தான், மலையில நல்ல மழை. மத்தியானம் எங்க ஆபீசுக்கு வேற ஒரு அணைக்காரங்க வந்திருந்தாங்க, நம்ம சங்கைப் பாத்துட்டு அவங்களுக்கும் வாங்கறதுக்கு. அஞ்சு பேரு. பெரிய திரையில நான் ஓட்டிக் காட்டிட்டிருக்கேன். முந்தி எடுத்து வெச்ச கணக்குங்க அது, அன்னைக்கு ஆத்துல வந்தது இல்ல. டெமோன்னா அப்படித்தான் வெப்போம், நடுவுல எதாச்சும் நின்னுட்டா அசிங்கம் பாருங்க. திரை பூராவும் பச்சை. ஏழு ஊரும் பச்சை. அவுங்க தலையாட்டிட்டிருக்காங்க.

மூணு மணி இருக்கும். கண்ணாடிக் கதவுக்கு அந்தாண்ட செல்வி வந்து நிக்குது. ரெண்டு கையாலயும் கண்ணாடியில தட்டுது. நான் அஞ்சு வெரலைக் காட்டுனேன், அஞ்சு நிமிசம்னு. திரும்பத் தட்டுது. வாயத் தொறந்து என்னமோ சொல்லுது, உள்ள கேக்கல. வந்தவங்க திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. வெளிச்சம் அடிச்சுப் படமும் சரியாத் தெரியல. எந்திரிச்சுப் போயி கதவுத் திரையை இழுத்து விட்டனுங்க.

ஆருதுங்க அந்தப் போனு? பின்னாடி சீட்டுல. ரிங்கு போயிட்டே இருக்குது, எடுக்கச் சொல்லுங்களேன். ஏனுங்... ஏனுங், உங்குளுதுதான், எடுங்க. எடுங்கன்னு சொல்றேன்ல! காதுல விழுகுலயா உங்களுக்கு?

...

மன்னிச்சுக்கங்க. சத்தம் போட்டுட்டேன். கொஞ்ச நாளா அப்படித்தான் ஆயிருது. போன் அடிச்சுட்டே இருந்தா ஆகறதில்ல. இல்லீங்க, தண்ணி வேண்டாம், நீங்க குடிங்க.

என்ன ஆச்சுன்னா, ரெண்டே முக்காலுக்கு மதகைத் தெறந்திருக்காங்க. அணைக்காரங்க மேல தப்பில்ல. தெறந்தா சங்கு ஊதும்னு அவுங்க நம்பிட்டிருக்காங்க. மதகு தெறந்த கணக்கு எங்க சர்வருக்கு வந்திருக்குது. வந்து சேந்த அந்த நொடி சங்கு செத்துருச்சு. எந்திரிச்சுது. எந்திரிச்சதும் அதுவரைக்கும் சேந்து கெடந்த கணக்கெல்லாம் ஒண்ணாப் பாஞ்சு வந்துச்சு. அறுபத்தி நாலு பேரும் கடைய விரிச்சாங்க. செத்துச்சு. அப்படி ஒரு மணி நேரம். முப்பத்தியாறு தடவை. அது எந்திரிச்சு நிக்கற நேரத்துல சங்கை ஊதோணும்ங்கற முடிவுக்கு வரங்காட்டியுமே வெட்டு விழுந்துருது. நான் பின்னாடி அந்தத் தாளைப் பாத்தனுங்க. மேல இருந்து கீழ வரைக்கும் நூத்தி முப்பத்தேழு.

மதகுல இருந்து ஓடக்காட்டுப்புதூருக்குத் தண்ணி வர்றதுக்கு நாப்பது நிமிசம் ஆகும். அந்தப் புள்ளைக்கு அது தெரியும், போயிட்டு வந்துச்சே. நான் திரையை இழுத்ததும் அது திரும்பிப் போயி அந்தக் கோடு போட்ட நோட்டை எடுத்துருச்சு. பக்கத்துல இருந்த ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு பக்கத்தைக் கிழிச்சுக் குடுத்து, அடிங்கன்னு சொல்லியிருக்குது. மூணு பேரும் நின்னுக்கிட்டே போன் போட்டிருக்காங்க. "தண்ணி வருது, ஆத்துல இருந்து ஏறுங்க, சங்கு ஊதாது, நான் சொல்லுதேன், ஏறுங்க." அவ்வளவுதான். ஆரு என்னன்னு கேட்டா அதுக்குள்ள அடுத்த நம்பரு.

ஓடக்காட்டுப்புதூர்ல பள்ளிக்கூடம் அக்கரையில, ஊரு இக்கரையில. நடுவுல தரைப்பாலம். அன்னைக்கு மழைன்னு மூணே காலுக்கே புள்ளைங்களை விடலாம்னு டீச்சரு வரிசையில நிறுத்தியிருக்காங்க. நாப்பத்தி மூணு புள்ளைங்க. போன் வந்துருக்குது. டீச்சரு கதவைச் சாத்திட்டாங்க. பத்து நிமிசத்துல பாலம் கண்ணுக்குத் தெரியலீங்க.

ஆமாங்க. அதை நான் மறுக்கல. நல்லதுதான் பண்ணுச்சு. நானே எம்.டி.கிட்டச் சொன்னேன், நல்லது நடந்துருக்குதுன்னு.

போனவங்க ரெண்டு பேரு. சின்னையன்னு ஒருத்தரு, அவரு சம்சாரம் துளசாமணி. ஊருக்குக் கீழ ஒரு பாறைமேடு, அங்க மாட்டைக் கழுவப் போயிருக்காங்க. அவரு நம்பரும் நோட்டுல இருந்துச்சு. செல்வி அவருக்கும் போட்டிருக்குது. ரிங்கு போயிருக்குது. எடுக்கல. மத்த நம்பருக்குப் போட்டுட்டுத் திரும்ப அவருக்குப் போட்டிருக்குது. எடுக்கல. போனு அவரு சட்டைப் பையில இருந்திருக்குது. சட்டையைக் கழட்டிக் கரையில ஒரு வேலாமரத்துல மாட்டிட்டு ஆத்துக்குள்ள எறங்கியிருக்காரு. தண்ணி சத்தத்துல கேக்கல.

போலீசு வந்து பாத்தப்ப சட்டை அப்படியே தொங்குச்சாம். மரத்துக்கு ஒரு முழம் கீழ வரைக்கும்தான் தண்ணி வந்துட்டுப் போயிருக்குது. போன்ல பதினோரு மிஸ்டு காலு. எல்லாம் ஒரே நம்பரு. ஆரு நம்பருன்னு தேடிப் புடிச்சுத்தான் அவுங்க எங்க ஆபீசுக்கு வந்தாங்க.

அதைத்தான் நான் சொல்றேன். அந்தப் புள்ள அந்த ஒரு போனை மட்டும் போடாம இருந்திருந்தா, ஆத்துல தண்ணி வந்துச்சு, ரெண்டு பேரு கவனிக்கல, முடிஞ்சுது. வருசா வருசம் நடக்கறதுதானுங்களே. சங்கும் மூணே முக்காலுக்கு ஊதத்தான் செஞ்சுது. மழை குறைஞ்சதும் அதுவா எந்திரிச்சு, ஏழு ஊர்லயும் கணீர்னு ஊதுச்சு. லேட்டு, அவ்வளவுதான்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? சாகோணும்னு நான் சொன்னனா? பதினோரு தடவை போட்டும் எடுக்காதவருக்கு பன்னண்டாவது தடவை போட்டா மட்டும்... அதுக்குச் சொன்னேன்.

நான் டெமோ முடிஞ்சு வெளிய வர்றேன். மணி மூணரை. மத்த ரெண்டு பேரும் போனைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. செல்வி மட்டும் காதுல வெச்சுட்டே இருக்குது. "என்னாச்சு?"ன்னு கேட்டேன். கையால இருங்கன்னு காட்டுச்சு. என்னைப் பாத்து, அஞ்சு வெரலை விரிச்சுக் காட்டுச்சுங்க. வேணும்னு காட்டுச்சா, தெரியாமக் காட்டுச்சா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

அன்னைக்குச் சாயங்காலமே உக்காந்து அது சொன்ன மாத்தத்தைப் போட்டுருச்சு. நான் கேக்கல, அதுவும் எங்கிட்டக் கேக்கல. ஒரு மணி நேரங்கூட ஆகல. பொரட்டாசியிலயே எழுதி வெச்சிருந்திருக்குது. பொறகு அன்னைக்கு மத்தியானத்துக் கணக்கை, அதே மழை, அதே மதகு, திரும்ப ஓடவிட்டுச்சு. நான் பின்னாடி நின்னு பாத்துட்டிருந்தேன். எந்திரிச்சுது, நாலுன்னு எண்ணுச்சு, நாலு பேரை எறக்குச்சு. மேசையில பாதிகூட நெறையல. மதகு தெறந்த கணக்கு வந்து நாலாவது நொடி, ஏழு ஊருக்கும் ஊதுன்னு திரையில வந்துச்சு. நாலாவது நொடி.

"பாத்தியா, இவ்வளவுதான்"னு நான் அதோட தோள்ல தட்டப் போனேன். அது எந்திரிச்சு வெளிய போயிருச்சு.

மறு வாரம் எம்.டி. ரூம்ல கூட்டம். வக்கீலும் இருந்தாரு. அந்தப் பொரட்டாசி மெயிலு வேற ஒரு விசயத்தைப் பத்தினதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்னு சொன்னோம். நாந்தான் எடுத்துச் சொன்னேன், பக்குவமா. "ஏம்மா, உன்னையும் சேத்துத்தான் காப்பாத்தறோம். சங்கு உன் பொறுப்புலதானே இருந்துச்சு? நாளைக்கு உன்னையும்தானே கேப்பாங்க?"

அது தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொல்லுச்சு. "கேக்கட்டும் சார். நானும் ஒரு வாரம் கேட்டுப்போட்டுச் சும்மா இருந்துட்டேன். திரும்பக் கேட்டிருக்கணும். கேக்காம நானே போட்டிருக்கணும். அத நானே சொல்லுதேன்." அப்பறம் நிமிந்து, "அந்த ரிங்கு சத்தத்த எங்காதால கேட்டேன் சார். பதினோரு தடவ. எடுப்பாவ எடுப்பாவன்னு நெனச்சேன். வேற விசயம்னு நான் எப்படி எழுத?"

எழுதல. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிருச்சு. போறப்ப எங்கிட்டச் சொல்லிட்டுக்கூடப் போகலீங்க. எத்தனை வேலையை நம்பிக் குடுத்திருப்பேன்! ஒரு வார்த்தை சொல்லோணுமா இல்லியா? இப்ப அது பாத்த வேலையைப் பாக்க நாலு பேரைப் போட்டிருக்குது, நாலு பேரும் திணறிக்கிட்டிருக்கானுங்க.

இன்னைக்கு அதுவும் வரும் அங்க, விசாரணைக்கு. பாத்தா என்ன பேசறதுன்னு தெரியல. பேசாமயும் இருக்க முடியாது. மெசேஜை நிறுத்தி வெச்சதை மட்டும் கேட்டாங்கன்னா... கேக்க மாட்டாங்க. அது அந்தப் புள்ளைக்குத் தெரியாது. உங்ககிட்டத்தான் சொல்லியிருக்கேன். பஸ்ஸுல போற பேச்சு பஸ்ஸோட.

அட, மழை வலுக்குது. கண்ணாடிக்கு வெளிய ஒண்ணுமே தெரியல பாருங்க. கார்த்திகையில இப்படி ஒரு மழை. நீங்க எங்க எறங்கோணும்? நான் பாட்டுக்கு என் கதையவே சொல்லிட்டிருக்கேன், கேக்கவேயில்ல.

கரட்டுத்துறையா?

அட. அன்னைக்கு டெமோ பாக்க வந்தவங்க உங்க அணைக்காரங்கதானுங்க. கார்த்திகை பொறந்ததும் மாட்டிக் குடுத்துட்டோம். உங்கூருப் பள்ளிவாசல் பக்கத்துல புதுசா ஒரு கம்பம் நட்டு, மேல நாலு பக்கமும் குழா வெச்சிருக்குமே, பாத்திருப்பீங்க. அது நம்மளுதுதான்.

அந்த மாத்தமா?

இல்லீங்க. அங்க இன்னும் போடல. பழைய சாப்ட்வேருதான். மெஷினு இன்னும் பெருசு, நூத்தி இருவத்தெட்டுக் கோரு. செல்வி எழுதுனது அப்படியே இருக்குது, போடறதுன்னா அரை மணி நேர வேலை. வக்கீலு வேண்டாம்னுட்டாரு. விசாரணை நடக்கறப்ப அங்கயும் போயி மாத்துனா, தப்புதான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமாம். தை மாசத்துக்குள்ள முடிஞ்சிரும், அதுவரைக்கும் ஆரும் கை வெக்கக் கூடாதுன்னு எழுத்துலயே குடுத்திருக்காரு. எனக்கு மட்டும் ஆசையா என்ன? எம்மேல எத்தனை பேரு இருக்காங்க.

பயப்படாதீங்க. செத்தாலும் அதுவா எந்திரிச்சுக்கும்.

உங்க வீடு ஆத்துக்கு எந்தக் கரைங்க? கோயிலு இருக்கற மேட்டுக்கரையா, இல்ல...

அப்படீங்களா.

வீட்டுல எத்தனை பேருங்க?

...

சரி, எந்திரிங்க, உங்க ஸ்டாப்பு வந்துருச்சு. மூட்டையை நான் எடுத்துத் தர்றேன், நீங்க மொதல்ல எறங்குங்க. பாத்து, பாத்து. படியெல்லாம் ஈரம், வழுக்கி விட்டுரும்.